கடலின் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்: குடும்பத்தோடு ஒரு நாள் கடலோரப் பயணம்

கடலோர இயற்கைப் பகுதிக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரத் திட்டமிடுகிறவர்கள் விடுமுறை நாளைப் பார்க்கிறார்கள், வானிலையைப் பார்க்கிறார்கள், சாலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நாங்களும் முதல் முறை அப்படித்தான் போனோம். பாறைக் குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நண்பகலில் போய் இறங்கினால், பாறைகள் முழுவதும் நீருக்குள் இருந்தன, நடக்கவும் இடமில்லை. “நண்டு எங்கேப்பா?” என்று எங்கள் மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியாக ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போனபோது, கடல் வெகுதூரம் பின்வாங்கியிருக்க, பாறைகளுக்கிடையே குட்டைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. எங்கள் அதிர்ஷ்டம் எதுவும் மாறிவிடவில்லை. கடல் தன் கணக்குப்படியே நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கை அறிந்துகொண்டால், பயணத்தின் மற்ற ஏற்பாடுகள் தாமாகவே அதையொட்டி அமைந்துவிடும்.

முதலில் ஓத அட்டவணை

நிலவின் ஈர்ப்பும் அதற்கு அடுத்தபடியாகச் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து கடல் மட்டத்தை ஏற்றி இறக்குவதையே ஓதம் என்கிறோம். உலகின் பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் ஆகும். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுவதால், இந்தச் சுழற்சி முழுமை பெற 24 மணி 50 நிமிடம் தேவைப்படுகிறது. ஆகவே இன்று காலை 9 மணிக்கு வற்றம் என்றால், நாளை அது ஏறத்தாழ 9.50-க்கு வரும். ஏழு நாளில் இந்தத் தாமதம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாகச் சேர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கு முன் எங்களுக்கு நண்பகலில் கிடைத்த ஏற்றம், அடுத்த வாரம் நண்பகலில் வற்றமாக மாறியிருந்ததற்கு இதுவே காரணம்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்து வரும் ஓரிரு நாட்களிலும் நிலவும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால், கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக இறங்கும். பாறைக் குட்டைகளையும் சேற்றுப் பரப்பையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த நாட்களே சிறந்தவை. அரைநிலா நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு குறைவாக இருக்கும். மணற்கரையில் சிறு பிள்ளைகளை விளையாடவிட்டு அமைதியாகப் பொழுதைக் கழிக்க அது போதும். ஓதத்தின் அளவு இடத்துக்கு இடம் வெகுவாக வேறுபடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடல் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளொன்றுக்கு ஒரே ஏற்றமும் ஒரே வற்றமும்தான். எனவே நீங்கள் போகும் இடத்துக்கு மிக அருகிலுள்ள துறைமுகத்தின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அட்டவணையில் நேரத்தோடு உயரமும் மீட்டரில் தரப்பட்டிருக்கும். வற்றத்துக்கு எதிரே உள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, அன்று கடல் அதிக தூரம் இறங்கும் என்று பொருள்.

அட்டவணை சொல்வது நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கை மட்டுமே. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்றும் நீரை மேலே தள்ளும். ஆகவே புயல் சின்னமோ கடுங்காற்றோ உள்ள நாளில் அட்டவணையை அப்படியே நம்பிப் போக வேண்டாம்.

நேரத்தை அமைக்கும் முறை

எங்கள் வீட்டில் நாங்கள் பின்பற்றும் முறை எளியது. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கரையில் இருப்போம். இறங்கும் நீரின் பின்னாலேயே மெல்ல நடப்போம். வற்றம் என்று அட்டவணை காட்டும் நிமிடத்தில், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், கரையை நோக்கித் திரும்பிவிடுவோம். அதற்கென்று கைபேசியில் மணி வைத்துக்கொள்வோம். இதில் கண்டிப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதே. மாலுமிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பன்னிரண்டின் பங்குக் கணக்கு, அதாவது மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துப் பார்க்கும் முறை, இதைத் தெளிவாகக் காட்டும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வற்றத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் நீர் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான் உயரும். இரண்டாவது மணியில் 50. மூன்றாவது, நான்காவது மணிகளில் ஒவ்வொன்றிலும் 75. பிறகு மீண்டும் 50, கடைசியில் 25. முதல் மணி நேரத்தில் நீர் அசையவே இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள், மூன்றாவது மணியில் மணல் திட்டிலோ தனிப்பாறையிலோ நாற்புறமும் நீர் சூழ மாட்டிக்கொள்வது இப்படித்தான். தட்டையான கரையில் நீர் முன்பக்கமாக மட்டும் வருவதில்லை. பின்னால் உள்ள பள்ளங்களும் ஓடைகளும் முதலில் நிரம்பி, திரும்பும் வழியை அடைத்துவிடும்.

வெயில் கடுமையான பகுதிகளில், காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே வற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும் என்பதால், கரையில் செய்ய வேண்டியதையெல்லாம் அதற்குள் பெருமளவு முடித்துவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமி வற்றங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மணியில்தான் வரும்; அந்த மணி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

அழகை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் இருந்தால், ஒரு வழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாத இடமாக இருக்கட்டும்; அதற்கு மேல் போனால் கடலைப் பார்க்குமுன்பே அவர்கள் களைத்துவிடுகிறார்கள். கழிப்பறை, குடிநீர், நிழல் இம்மூன்றும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தாத்தா பாட்டியோ தள்ளுவண்டிக் குழந்தையோ உடன் வந்தால், அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை அமைத்த இடங்கள் மிகவும் ஏற்றவை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆமைகளோ பறவைகளோ முட்டையிடும் பருவத்தில் கரையின் சில பாகங்களை மூடிவிடுவார்கள். அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். ஒரு நாளில் இத்தனை பேர் என்று வரம்பும் இருக்கலாம். பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. எனவே வரைபடத்தையும் ஓத நேரத்தையும் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் நீரும் நிழலும்தான் முதன்மையானவை. உலர்ந்த மணல் ஏறக்குறைய 15 சதவீதப் புற ஊதாக் கதிர்களையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் கீழிருந்து வெயில் படும். முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியுமே முதல் காப்பு. சன்ஸ்கிரீன் பூசுவதானால், காப்பு எண் (SPF) 30-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்கி, வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு நிழலும் துணியும் மட்டுமே ஏற்றவை. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் பவளங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், அவை கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்திருக்கிறது. வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

பாறையில் நடக்க, விரல்களை மூடும், அடிப்பகுதி வழுக்காத காலணி ஒவ்வொருவருக்கும் வேண்டும். சிப்பி விளிம்பு கத்திபோல் வெட்டும். இரண்டு செட் மாற்றுடை, துண்டு, சிறிய பூதக்கண்ணாடி, முதலுதவிப் பை, குப்பைக்கு ஒரு பை, இவற்றோடு ஒரு பைனாகுலரும் இருந்தால் நாள் இரட்டிப்பாகும். 8×42 என்று குறிக்கப்பட்டது, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, பெரியவர்களுக்குப் பொதுவாக ஏற்றது. அதற்கு மேல் பெரிதாக்கிக் காட்டுவதைப் பிள்ளைகளால் கை நடுங்காமல் பிடிக்க முடியாது.

ஒரு குட்டையின் அருகே

நிறைய இடங்களைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாளின் பெரும் பகுதியை ஒரே ஒரு பாறைக் குட்டையின் அருகே செலவிட்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து. அகலம் ஒரு கைச்சாண், ஆழம் முழங்கை அளவு உள்ள குட்டையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிழல் நீரில் விழாதபடி, சூரியனுக்கு முகம் கொடுத்துக் குந்தி உட்காருங்கள். ஐந்து நிமிடம் யாரும் அசையக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றுமே இருக்காது. வெறும் நீரும் கல்லும்தான். இரண்டாவது நிமிடத்தில், கல் என்று நினைத்த ஒரு சிறு சங்கு நகரும். அதன் வாயில் இரண்டு கண்காம்புகளும் நாலைந்து கால்களும் எட்டிப் பார்க்கும். அது துறவி நண்டு. அதற்கென்று சொந்த ஓடு வயிற்றுப் பக்கத்தில் கிடையாது; இறந்த நத்தைகளின் ஓட்டுக்குள் குடியேறி, உடல் வளர வளரப் பெரிய ஓட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டே போகும். கரையில் கிடக்கும் அழகான ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடைக்காது.

அடுத்து, குட்டையின் ஓரத்தில் சிறு எரிமலைகள்போல ஒட்டிக்கிடக்கும் வெண்ணிறக் கொட்டலசுகளைப் பாருங்கள். பார்ப்பதற்குச் சிப்பியைப்போல இருந்தாலும் இவை நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்தவை. நீருக்குள் மூழ்கியிருப்பவற்றில் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் உற்றுப் பார்த்தால், உச்சியில் உள்ள கதவு திறந்து, இறகுபோன்ற கால்கள் வெளியே வந்து நீரை வாரி உள்ளே இழுப்பது தெரியும். வலையை வீசி வீசி இழுப்பதுபோல் அது விடாமல் நடந்துகொண்டிருக்கும். தலைகீழாகப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் உணவை வாயில் போட்டுக்கொள்ளும் உயிரி இது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளை ஆராய்ந்தார் என்பதைச் சொன்னபோது, எங்கள் மகன் அந்தக் குட்டையை விட்டு எழவே மறுத்துவிட்டான்.

குட்டையில் சில ஒழுங்குகள் உண்டு. தொடுவதானால் நனைந்த கையால், ஒரு விரலால், மென்மையாகத் தொட வேண்டும். கல்லைப் புரட்டினால், பார்த்ததும் முன்பிருந்த விதமாகவே திருப்பி வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஈரத்தில் வாழும் உயிர்கள் வெயில் பட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் இறந்துபோகலாம். வாளியில் பிடித்துவைக்க வேண்டாம். சிறிய நீரில் சூடு விரைவில் ஏறும், ஆக்சிஜன் விரைவில் தீரும். பெயர் தெரியாத எதையும் தொடவே கூடாது. வெப்பக் கடல்களில் வாழும் கூம்பு வடிவச் சங்குகள் சில நஞ்சு தோய்ந்த முள்ளால் குத்தக்கூடியவை. அவை கண்ணைக் கவரும் அழகுடையவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நீல வளையங்கள் கொண்ட சிறு பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) கடியும் உயிருக்கு ஆபத்தானது.

சேற்றுப் பரப்பும் பறவைகளும்

அலையாத்தி மரங்களின் அடியில் சேற்றிலிருந்து பென்சில்கள்போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள்; காற்றே புகாத சேற்றில் வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்க மரம் கண்ட வழி அது. அவற்றின் மேல் நடந்து மிதிக்க வேண்டாம். அங்கே ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்த சிறு நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி அழைப்பதைப் பார்க்கலாம். ஆட்டுவது ஆண், அழைப்பது பெண்ணை. காலடி அதிர்வில் எல்லாம் வளைக்குள் மறைந்துவிடும். அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் முதலிய கரைப்பறவைகளுக்கு நீர் இறங்கும் நேரமே சாப்பாட்டு நேரம். ஏற்றத்தின்போது அவை கரையோரத்தில் கூட்டமாக ஒடுங்கி ஓய்வெடுக்கும். ஓடிப்போய்க் கூட்டத்தைக் கலைப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. பறவைக்கோ அது வீணாகும் வலிமை. 2022-ல் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது செயற்கைக்கோள் கருவியால் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பை அவை சேர்ப்பது இதுபோன்ற சேற்றில்தான். பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று, இரண்டடி பின்வாங்குங்கள். மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தி சில நேரம் இறக்கை முறிந்ததுபோல் தள்ளாடி நடந்து காட்டும். அதைப் பின்தொடராதீர்கள், முட்டை உங்கள் காலடிக்கு அருகில், மணலின் நிறத்திலேயே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. வந்த தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள்.

நீரில் இறங்குவதானால்

உயிர்காப்பாளர் இல்லாத கரையில் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் நீரில் இறக்க வேண்டாம். நீச்சல் தெரியாத பிள்ளை எப்போதும் பெரியவர் ஒருவரின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அலைகள் உடையும் வரிசையில், ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தெரிந்து, நுரை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், அதுதான் கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும் நீரோட்டம். குளிப்பதற்குப் பாதுகாப்பான இடம் என்று பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அது உங்களை நீருக்கடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். ஆகவே மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் குதித்துப் போகாமல், மிதக்கும் எதையாவது, மூடிய காலிப் புட்டியாக இருந்தாலும் சரி, எறிந்து உதவ வேண்டும்.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால், நல்ல தண்ணீரால் கழுவாமல் கடல் நீரால் கழுவி, ஒட்டியுள்ள இழைகளை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மணலால் தேய்க்கக் கூடாது. பெட்டி வடிவ ஜெல்லி மீன்கள் உள்ள வெப்பக் கடல்களில் வினிகர் ஊற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. திருக்கை கொட்டினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முக வீக்கம் ஏற்பட்டால் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். ஆழமற்ற மணல் நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். இடி கேட்டால் நீரை விட்டும் திறந்த கரையை விட்டும் உடனே வெளியேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வரை திரும்ப வேண்டாம்.

கிளம்பும் முன்

பாறையிலிருந்து மேலே வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிய விளிம்பில் இன்னொரு குச்சி. ஆறாவது குச்சியை நடும்போது முதல் குச்சி நீருக்குள் நிற்கும்; ஓதம் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியிராது. பிறகு குச்சிகளை எடுத்துக்கொண்டு, துணிகளை உதறி மறைந்திருக்கும் சிறு நண்டுகளை விடுவித்து, குப்பைப் பையை வண்டியில் ஏற்றுங்கள். மற்றவர்கள் விட்டுச்சென்ற தூண்டில் நரம்பும் பிளாஸ்டிக் கயிறும் கண்ணில் பட்டால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவையின் காலைச் சுற்றிக்கொள்பவை அவையே.

வண்டியில் ஏறியதும், அன்றைய வற்றத்தின் நேரத்தையும் அது இறங்கிய அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள். பதினைந்து நாள் கழித்து, ஏறத்தாழ அதே மணிக்கு, அந்தக் குட்டை மறுபடியும் திறந்திருக்கும்.